‘பாய்காட்’ யாரை நோக்கிப் பிறந்த சொல்?

ஒரு வினைச்சொல் எந்த வருஷத்தில், எந்த ஊரில், யார் வாயிலிருந்து வந்தது என்று சொல்ல முடிவது அபூர்வம். ஆங்கிலத்தில் ‘பாய்காட்’ அப்படிப்பட்ட சொல். வருஷம் 1880. ஊர், அயர்லாந்தின் மேற்கே மேயோ கவுன்ட்டியில் இருக்கும் நீல் என்ற சின்னக் கிராமம். சொன்னவர் அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் ஓமாலி. சாப்பாட்டு மேஜையில் கூட உட்கார்ந்திருந்து கேட்டவர் ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். அவர் அதை எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது.

சொல்லின் அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருவரோடு கொடுக்கல் வாங்கல், வேலை, பேச்சு எல்லாவற்றையும் பலர் சேர்ந்து நிறுத்திவிடுவது. ஆனால் அந்த மேஜையில் இரண்டு பேரும் தேடியது இதைவிடக் கூர்மையான ஓர் அர்த்தம். அந்தக் கூர்மை சீக்கிரமே மழுங்கிவிட்டது. அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வது, இந்தச் சொல்லைச் செய்திகளில் படித்துக்கொண்டே இருக்கும் நமக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட், 1832ல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பர்க் செயின்ட் பீட்டர் என்ற ஊரில் பிறந்தார். குடும்பப் பெயர் முதலில் ‘பாய்கேட்’ என்றுதான் இருந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது குடும்பத்தார் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். கொஞ்ச காலம் ராணுவத்தில் இருந்தார், படைப்பிரிவோடு அயர்லாந்துக்கு வந்தார், அங்கேயே தங்கிவிட்டார். அக்கில் தீவில் பல வருஷம் விவசாயம் பார்த்தபின், 1870களின் தொடக்கத்தில் மாஸ்க் ஏரிக்கரையில் இருந்த பெரிய வீட்டுக்குக் குடிவந்தார். அங்கே எர்ன் பிரபுவுக்கு 1,500 ஏக்கர் நிலம் இருந்தது. பிரபு தூரத்து ஊரில் இருந்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வசூல் செய்வது பாய்காட்டின் வேலை. நம் ஊர்க் கணக்கில் காரியஸ்தர். தாமும் அறுநூறு ஏக்கருக்கு மேல் பயிர் செய்துகொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் ‘கேப்டன்’ என்று கூப்பிட்டார்கள்.

அவர் கொடூரமான மனிதர் என்று சொல்வதற்கில்லை. கண்டிப்பானவர், குத்தகைக்காரர்கள் பக்கத்து நியாயம் அவர் காதில் ஏறாது. அவர்கள் அவர்மேல் வைத்திருந்த கோபம் முழுக்கச் சின்ன விஷயங்களில் சேர்ந்தது. வேலிக் கதவைத் திறந்து போட்டால் அபராதம். மாடோ கோழியோ அவர் நிலத்துக்குள் வந்துவிட்டால் அபராதம். பண்ணைத் தோப்பில் சுள்ளி பொறுக்குவது அதுவரை ஊர் வழக்கமாக இருந்தது, அதை நிறுத்திவிட்டார். குளிர் நாட்டில் விறகு என்றால் என்ன என்று யோசித்துப் பார்த்தால் அந்தக் கோபம் புரியும்.

இதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்று இருக்கிறது. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் செத்தவர்களும் கப்பலேறியவர்களுமாக அயர்லாந்தில் கால்வாசிப் பேர் குறைந்துபோனதை நேரில் பார்த்தவர்கள் அப்போது நடுவயதில் இருந்தார்கள். 1879ல் மழை விடாமல் பெய்து மறுபடியும் கிழங்கு அழுகியது. குத்தகை பாக்கி ஏறியது, வெளியேற்ற நோட்டீஸ்கள் வந்தன. அந்த அக்டோபரில் மேயோவின் காசல்பார் நகரத்தில் நிலச் சங்கம் தொடங்கியது. தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல். உயிர்நாடி மைக்கேல் டேவிட். டேவிட் குழந்தையாக இருந்தபோதே அவர் குடும்பத்தை மேயோவில் வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். பிழைக்கப் போன இங்கிலாந்தில், பதினோரு வயதில், பஞ்சாலை இயந்திரத்தில் சிக்கி வலது கையை இழந்தவர். நியாயமான குத்தகை, நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமை, தன் குத்தகை உரிமையை விற்றுக்கொள்ளும் உரிமை என்று மூன்றைக் கேட்டார்கள்.

1880 செப்டம்பர் 19. என்னிஸ் நகரத்தில் பார்னெல் பேசினார். பக்கத்து வீட்டுக்காரனை வெளியேற்றிய நிலத்தை ஏலம் கேட்டு எடுக்கிறவனை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். “சுட்டுத் தள்ளு” என்று குரல் வந்தது. அதைவிட நல்ல வழி, கிறிஸ்தவத்துக்கு ஒத்த வழி ஒன்று இருக்கிறது என்றார் பார்னெல். சாலையில் பார்த்தாலும், கடையில் பார்த்தாலும், சந்தையில் பார்த்தாலும், கோயிலுக்குள் பார்த்தாலும் அவனைத் தனியாக விட்டுவிடுங்கள். பழைய காலத்துத் தொழுநோயாளியைப் போல ஒதுக்கிவிடுங்கள் என்றார்.

இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பார்னெல் ஒதுக்கச் சொன்னது பிரபுவையும் இல்லை, காரியஸ்தரையும் இல்லை. குத்தகைக்காரர்களுக்குள்ளேயே ஒருவனை, சொந்தக் கூட்டத்துக்குத் துரோகம் செய்தவனைத்தான். அந்தத் தண்டனை உலகமெங்கும் கிராமங்களில் இருந்தது. புதிதாக எதுவும் இல்லை.

புதிது மூன்று நாள் கழித்து நடந்தது. அந்த வருஷம் எர்ன் பிரபு குத்தகையில் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். குத்தகைக்காரர்கள் இருபத்தைந்து கேட்டார்கள். பேச்சு முறிந்தது. செப்டம்பர் 22 அன்று அமீனா ஒருவர் பதினேழு போலீஸ்காரர்கள் துணையோடு பதினொரு குடும்பங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கப் புறப்பட்டார். மூன்று வீட்டில் கொடுத்தாயிற்று. நான்காவது வீட்டுப் பெண்மணி வாங்க மறுத்துச் சத்தம் போட, சுற்றுப்பட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். கல், சேறு, சாணி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வீசினார்கள். அமீனாவும் போலீஸும் கேப்டன் வீட்டுக்குள் ஓடித் தஞ்சம் புகுந்தார்கள். மறுநாள் ஒரு பெருங்கூட்டம் அந்த வீட்டுக்கு வந்து, வேலையாட்களைக் கிளம்பச் சொன்னது. கிளம்பிவிட்டார்கள். லாடம் அடிக்கும் கொல்லர் வரவில்லை. துணி வெளுக்கும் பெண் நின்றுவிட்டார். தபால் கொண்டுவரும் பையன் நின்றான். பக்கத்துச் சின்ன நகரமான பாலின்ரோபில் கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். ரொட்டியும் மற்றதும் வேறு ஊரிலிருந்து ஏரி வழியாகப் படகில் வர வேண்டியிருந்தது.

பாய்காட், அவர் மனைவி, உடன்பிறந்தவர் மகன் ஒருவன், வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளி என்று சிலரே மாட்டுக்குத் தீவனம் போட்டு, கிழங்கு தோண்டி, வயலைப் பார்க்க வேண்டிய நிலை. நிலத்திலோ பயிர் அறுவடைக்கு நின்றது. அக்டோபர் 18 அன்று லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் அவர் எழுதிய கடிதம் வெளியானது. வேலிக் கதவுகளின் பூட்டை உடைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு, ஆடுமாடுகளை ரோட்டுக்கு ஓட்டிவிடுகிறார்கள் என்றும், இனி வேலை செய்தால் கொலை என்று கொல்லருக்கு மிரட்டல் கடிதம் வந்தது என்றும் அதில் எழுதியிருந்தார். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மேயோவில் நடந்தது முழுக்க அமைதியான மறுப்பு என்று இன்று எழுதுகிறவர்கள் அந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். நின்றுபோன வேலையாட்களில் மனமுவந்து நின்றவரும் உண்டு, பயந்து நின்றவரும் உண்டு.

அப்புறம் நடந்தது நாடகத்தனமானது. அவர் பயிரைக் காப்பாற்ற அயர்லாந்தின் வடக்கே பணம் திரட்டினார்கள். கேவன், மோனகன் பகுதிகளிலிருந்து ஐம்பது பேர், பிரிட்டிஷ் ஆட்சியை ஆதரித்த ஆரஞ்சு சங்கத்தைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட்கள், நவம்பர் நடுவில் வந்து சேர்ந்தார்கள். அவர்களைப் பாதுகாக்கக் குதிரைப்படை, காலாட்படை, போலீஸ் எல்லாம் சேர்த்து ஆயிரம் பேருக்குக் கிட்டத்தட்ட வந்தது. கொட்டும் மழையில் பண்ணையில் கூடாரம் அடித்தார்கள். எதிர்ப்பு எதுவும் வரவில்லை. யாரும் வீட்டை விட்டு வெளியே வராதபடி பார்த்துக்கொண்டவர்களில் பாதிரியார் ஓமாலி முக்கியமானவர். இரண்டு வாரத்தில் டர்னிப்பும் உருளைக்கிழங்கும் தோண்டி, தானியம் அடித்து முடித்தார்கள். ஐந்நூறு பவுண்டு பயிருக்குப் பத்தாயிரம் பவுண்டு செலவானது என்பது அப்போதைய கணக்கு. தோண்டிய ஒவ்வொரு டர்னிப்புக்கும் அரசுக்கு ஒரு ஷில்லிங் செலவு என்றார் பார்னெல். நவம்பர் 27 அன்று பாய்காட் குடும்பம் ராணுவ வண்டியில் அந்த வீட்டை விட்டுக் கிளம்பியது. டப்ளினில் தங்கிய ஹோட்டலுக்கும் மிரட்டல் கடிதம் வந்தது. டிசம்பர் 1 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள்.

இப்போது அந்தச் சாப்பாட்டு மேஜை. ரெட்பாத் ஸ்காட்லாந்து எல்லையில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். அடிமை முறையை எதிர்த்து எழுதியவர். நிலப் போராட்டத்தைப் பற்றி எழுத அயர்லாந்து வந்திருந்தார். ஏன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பாதிரியார் கேட்டாராம். ஒரு சொல் அகப்படாமல் தொல்லை கொடுக்கிறது என்றார் ரெட்பாத். அவர் சொன்ன காரணம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மிக முக்கியமானதாகப் படுகிறது. அடுத்தவன் நிலத்தைப் பறித்துக்கொண்ட குத்தகைக்காரனை ஊரார் ஒதுக்கினால் அதற்கு ‘சமூக விலக்கு’ என்கிறோம். ஆனால் பிரபுவையோ பாய்காட் மாதிரி ஒரு காரியஸ்தரையோ மக்கள் ஒதுக்குவதற்கு முற்றிலும் வேறான ஒரு சொல் வேண்டும் என்றார். ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது கிரேக்க வழி வந்த படித்தவர் சொல், குடியானவர்களுக்குப் புரியாது. ஆமாம், அது சரிவராது என்று பாதிரியார் ஒப்புக்கொண்டார். தலையைக் குனிந்து, தம் பெரிய நெற்றியைத் தட்டிக்கொண்டு, “அவரைப் பாய்காட் செய்வது என்று சொன்னால் எப்படி இருக்கும்?” என்றார்.

ஆக, இந்தச் சொல் ஒரு திசையோடு பிறந்தது. கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவரை ஒதுக்குவது. ஊர் தன் ஆளைத் தள்ளிவைப்பதற்கு ஏற்கெனவே பெயர் இருந்தது, அது வேண்டாம் என்றுதான் புதுப்பெயர் தேடினார்கள். குத்தகை கொடுக்கிறவன் காரியஸ்தரைத் தள்ளிவைப்பதற்கு உலகத்தில் பெயரே இல்லை, ஏனென்றால் அது நடக்கக்கூடிய காரியமாக யாருக்கும் தோன்றியதில்லை. கொல்லரும் வண்ணாத்தியும் தபால் பையனும் சேர்ந்தால் ஒரு பெரிய வீட்டை நிறுத்திவிட முடியும் என்று அந்த இலையுதிர் காலத்தில் தெரிந்தது. அந்த அறிவுக்குத்தான் பாதிரியார் பெயர் வைத்தார்.

இந்த மாதிரிச் செயல்கள் அதற்கு முன்னும் நடந்திருக்கின்றன. 1791ல் பிரிட்டனில் அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்காமல் விட்டவர்கள் மூன்று லட்சம் பேர் என்று தாமஸ் கிளார்க்சன் கணக்கிட்டார். அமெரிக்கக் குடியேற்றங்கள் சுதந்திரப் போருக்கு முன்னால் பிரிட்டிஷ் சரக்கை இறக்குமதி செய்வதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. ஆனால் சர்க்கரைக்காரர்கள் தங்கள் செயலை ‘தவிர்த்தல்’ என்றார்கள், அமெரிக்கர்கள் ‘இறக்குமதி செய்யாமை’ என்றார்கள். இரண்டும் தன்னைப் பற்றிப் பேசும் சொற்கள்: நான் தின்னவில்லை, நாங்கள் வாங்கவில்லை. ‘பாய்காட்’ என்ற வினைக்கோ செயப்படுபொருள் கட்டாயம் வேண்டும். யாரை என்று கேட்காமல் வாக்கியம் முடியாது.

இன்னொன்று, ஆங்கிலத்தில் ஆள் பெயரிலிருந்து வினை உண்டாக்க வழக்கமாக ஒரு வால் ஒட்டுவார்கள். மெஸ்மர் என்ற வைத்தியரிடமிருந்து மெஸ்மரைஸ், கால்வானி என்ற விஞ்ஞானியிடமிருந்து கால்வனைஸ். பாய்காட்டுக்கு வால் தேவைப்படவில்லை. பெயர் அப்படியே வினையாகிவிட்டது. ‘காட்’ என்ற பின்பாதி குடிசை என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல், ஊர்ப்பெயர்களில் வருவது. பையன் என்ற பொருள் அதில் இல்லை. ஆனால் கேட்கிற காதுக்கு இரண்டு அசையில் கதவைச் சாத்துவது போல இருக்கிறது. குடியானவர் நாக்குக்கு ஏற்ற சொல் வேண்டும் என்ற பாதிரியாரின் எண்ணம் அவர் நினைத்ததைவிடப் பலித்தது. அந்த நவம்பரிலேயே லண்டன் டைம்ஸில் வினைச்சொல்லாக வந்துவிட்டது. பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்யன், போலிஷ், ஜப்பானியம் என்று அதே பெயரைத் தங்கள் இலக்கணத்துக்குள் இழுத்துக்கொண்ட மொழிகள் பல. முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடும் வழக்கம் போயிற்று. அது ஒரு மனிதரின் பெயர் என்பது மறந்துபோயிற்று.

திசையும் மறந்துபோயிற்று. அயர்லாந்திலேயே அது உடனே நடந்தது. அடுத்த சில வருஷங்களில் இந்த ஆயுதம் பிரபுக்கள்மேல் விழுந்ததைப் போலவே சின்ன மனிதர்கள்மேலும் விழுந்தது: காலி செய்த நிலத்தை எடுத்த ஏழை, அவனுக்கு மாவு விற்ற கடைக்காரர், அவனிடம் கூலிக்குப் போன ஆள். ரெட்பாத் வேறு பெயர் வேண்டும் என்றாரே, அந்த இரண்டு செயலுக்கும் ஒரே பெயராகிவிட்டது. 1881ல் அரசு நிலச் சட்டம் கொண்டுவந்து சங்கம் கேட்ட மூன்றையும் பெருமளவு கொடுத்தது. அந்த வெற்றி பெரிது. ஆனால் 1888ல் ரோமிலிருந்து போப் பதின்மூன்றாம் லியோவின் ஆட்சியில் வந்த ஆணை, பாய்காட் செய்வதைப் பெயர் சொல்லியே கண்டித்தது. ஒரு பாதிரியார் பெயர் வைத்து எட்டே வருஷம் ஆகியிருந்தது.

நம் பக்கம் இந்தச் சொல் பெரிய எழுத்தில் வந்தது 1905ல். வங்கப் பிரிவினையை எதிர்த்து ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய கூட்டம் பிரிட்டிஷ் சரக்கைப் பாய்காட் செய்யத் தீர்மானம் போட்டது. இங்கே செயப்படுபொருள் மனிதரிலிருந்து பொருளுக்கு மாறியது. துணி, சர்க்கரை, உப்பு. இந்த மாற்றம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு பொருளை வாங்காமல் விட்டால் அதை விற்பவருக்கு நஷ்டம், அவ்வளவுதான். ஒரு மனிதருக்கு விற்காமல் விட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. தூத்துக்குடியில் 1908ல் கோரல் மில் வேலைநிறுத்தமும் வ.உ.சி.யின் கைதும் நடந்த நாட்களில், வெள்ளைக்காரர் பக்கம் நின்றவர்களுக்குச் சவரத் தொழிலாளர்களும் சலவைத் தொழிலாளர்களும் வேலை செய்ய மறுத்தார்கள். மேயோவின் கொல்லரும் வண்ணாத்தியும் செய்த அதே காரியம். பிற்பாடு ஒத்துழையாமை இயக்கம் நடந்தபோது, எதிர்க்கருத்துள்ளவருக்குப் பொதுக் கிணற்றை மறுப்பது காட்டுமிராண்டித்தனம் என்று காந்தி எழுதினார். பொருளை மறுப்பதற்கும் மனிதரை மறுப்பதற்கும் நடுவில் ஒரு கோடு போட வேண்டியிருந்ததை அவரும் உணர்ந்திருக்கிறார்.

கோடு அழிந்தால் என்னவாகும் என்பதற்கு 1933 ஏப்ரல் 1 சாட்சி. ஆட்சிக்கு வந்து இரண்டு மாதமே ஆன நாஜிக் கட்சி, ஜெர்மனி முழுவதும் யூதர்களின் கடைகள், யூத டாக்டர்கள், வக்கீல்கள் எல்லோரையும் ஒதுக்க நாள் குறித்தது. சீருடை போட்ட ஆட்கள் கடை வாசலில் நின்றார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பாய்காட்’, மேயோவிலிருந்து ஜெர்மனுக்குப் போன அதே சொல். அரசாங்கம், கட்சி, அடியாள் படை மூன்றும் ஒரு பக்கம். சின்னக் கடைக்காரர் மறுபக்கம். குத்தகைக்காரர்களுக்காக உண்டாக்கிய சொல் ஐம்பத்து மூன்று வருஷத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது.

இதை உணர்ந்து அந்தச் சொல்லையே கையிலிருந்து கீழே வைத்தவர் ஒருவர் உண்டு. 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்காமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். 381 நாள் நடந்தார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் அதன் பெயரே மாண்ட்காமரி பஸ் பாய்காட். ஆனால் அதை முன்னின்று நடத்திய மார்ட்டின் லூதர் கிங், தொடங்குவதற்கு முன்பே தாம் அந்தச் சொல்லால் சங்கடப்பட்டதாகப் பிறகு எழுதினார். நிறவெறி அமைப்பான வெள்ளையர் கவுன்சில்கள், உரிமை கேட்ட கறுப்பர்களுக்கும் அவர்களுக்கு ஆதரவான வெள்ளையர்களுக்கும் அடிப்படைத் தேவைகளை மறுத்ததும் இதே வழியில்தானே, அப்படியானால் நாமும் அதையே செய்கிறோமா என்று தம்மைக் கேட்டுக்கொண்டார். யோசித்து, நாம் செய்வது ஒரு தீய ஏற்பாட்டோடு ஒத்துழைக்க மறுப்பது என்று முடிவுக்கு வந்தார். அதன்பின் ‘பாய்காட்’ என்ற சொல்லை அவர் அதிகம் பயன்படுத்தவில்லை. ரெட்பாத் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தேடிய வேறுபாட்டை, எழுபத்தைந்து வருஷம் கழித்து இன்னொருவர் மறுபடியும் தேட வேண்டி வந்தது.

எங்கள் குடும்பத்திலும் இந்தச் செயலைப் பற்றி ஒரு நினைவு உண்டு. ஒரு வரப்புத் தகராறில் தாத்தா ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டார். “ஊருல தள்ளி வச்சுட்டாங்க” என்பாள் அம்மாச்சி. பாய்காட் என்ற சொல்லை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவள் விவரிப்பதில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது மளிகைக் கடை. கடைக்காரர் இல்லை என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இவள் காசைப் பலகைமேல் வைத்துவிட்டு நிற்பாள். அவர் அடுத்து வந்தவருக்குப் பருப்பு நிறுப்பார், அதற்கடுத்து வந்தவருக்கு எண்ணெய் ஊற்றுவார். இவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு கடைப் பலகையை எடுத்து அடுக்க ஆரம்பிப்பார். வைத்த காசு வைத்த இடத்திலேயே இருக்கும். கடைசிவரை அவர் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்னெல் என்னிஸில் சொன்னாரே, கடையில் பார்த்தாலும் தனியாக விட்டுவிடுங்கள் என்று, அது இதுதான். அதை வாங்கிக்கட்டிக்கொள்பவர் மாஸ்க் ஏரிக்கரைக் காரியஸ்தராக இருக்கும்போது படிக்க நன்றாக இருக்கிறது. கையில் நாலணாவோடு நிற்கும் பெண்ணாக இருக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. எங்கள் குடும்பத்துக்காவது சொந்த நிலம் இருந்தது, பக்கத்து ஊரில் உறவு இருந்தது, சமாளித்துவிட்டோம். அந்த இரண்டும் இல்லாதவர்களுக்கு இந்தியக் கிராமம் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்திருக்கிறது.

அம்பேத்கர் இதைச் சட்டப் பிரச்சினையாகப் பார்த்தார். அவர் நடத்திய பத்திரிகையின் பெயரே ‘பகிஷ்கிருத பாரத்’, ஒதுக்கப்பட்டோர் பாரதம். வெளிநாட்டுத் துணிக்கு எதிராக நாம் முழங்கிய ‘பகிஷ்கார’மும் அந்தப் பெயரில் இருப்பதும் ஒரே வடமொழிச் சொல்தான். 1930ல் வட்டமேஜை மாநாட்டுக்கு அவர் கொடுத்த மனுவில், தாழ்த்தப்பட்டோரைப் பாய்காட் செய்வதைக் குற்றமாக்க வேண்டும் என்று கேட்டார். பம்பாய் அரசு 1928ல் அமைத்த குழு கண்டறிந்ததை ஆதாரமாகக் காட்டினார்: உரிமை கேட்டவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுகிறார்கள், வேலையை நிறுத்துகிறார்கள், பொதுப்பாதையை மறிக்கிறார்கள், ஊர்க் கடைக்காரர் சாமான் விற்பதை நிறுத்துகிறார். சட்ட வாசகத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட மாதிரி, பிரிட்டிஷ் ஆட்சியில் பர்மாவில் 1922ல் போட்ட பாய்காட் எதிர்ப்புச் சட்டம்.

அவர் கேட்டது சட்டப் புத்தகத்தில் தெளிவாக எழுத்தில் ஏற ரொம்ப காலம் ஆயிற்று. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ல் செய்த திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. அவர்கள்மேல் சமூகப் புறக்கணிப்போ பொருளாதாரப் புறக்கணிப்போ சுமத்துவதும், சுமத்துவேன் என்று மிரட்டுவதும் குற்றம். மகாராஷ்டிரம் 2016ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அங்கே சாதிப் பஞ்சாயத்துகள் சொந்தச் சாதிக்காரர்களைத் தள்ளிவைப்பதும் அதில் அடங்கும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தச் சொல்லுக்கு நியாயம் செய்ததாகாது. 1984 ஜூலையில், டப்ளினில் டன்னஸ் ஸ்டோர்ஸ் என்ற கடையில் மேரி மேனிங் என்ற இளம்பெண் கல்லாவில் இருந்தார். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் பொருளைக் கையாள்வதில்லை என்று தொழிற்சங்கம் முடிவெடுத்திருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பம்ப்ளிமாஸ் வகைப் பழம் இரண்டை எடுத்து வந்தபோது பில் போட மறுத்துவிட்டார். அவரை இடைநீக்கம் செய்தார்கள், உடன் வேலை பார்த்தவர்கள் வெளியே வந்தார்கள். மூன்று வருஷத்துக்குக் கிட்டத்தட்ட மறியல். 1987ல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கக் காய்கனி இறக்குமதியையே தடை செய்தது. மறுத்தவர்கள் கல்லாவில் உட்காரும் கடை ஊழியர்கள். மறுத்தது ஒரு பழத்தை. பாதித்தது ஓர் அரசை. ஓமாலி கொடுத்த அர்த்தத்தில் சுத்தமான பாய்காட் என்றால் எனக்கு இதுதான்.

செய்திகளை மொழிபெயர்ப்பது என் தொழில். தமிழ்ச் செய்தி மேஜையில் ‘பாய்காட்’ வந்தால் கை தானாகப் ‘புறக்கணிப்பு’ என்று அடித்துவிடும். இலங்கைத் தமிழர்கள் பகிஷ்கரிப்பு என்பார்கள். பல இடங்களில் அது சரிதான். தேர்தல் புறக்கணிப்பு, கூட்டத்தொடர் புறக்கணிப்பு, ஒரு கம்பெனிச் சரக்கைப் புறக்கணிப்பது. சபைக்குப் போய்விட்டு நடுவில் எழுந்து வந்தால் அது வெளிநடப்பு. போகவே இல்லை என்றால்தான் புறக்கணிப்பு. வேலையை நிறுத்தினால் வேலைநிறுத்தம், ஆனால் வக்கீல்கள் மட்டும் ‘நீதிமன்றப் புறக்கணிப்பு’ என்பார்கள். எந்தப் பெயரில் செய்தாலும் அதற்கு அவர்களுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002ல் சொல்லிவிட்டது. இதெல்லாம் சுலபமான பகுதி.

கஷ்டம், செயப்படுபொருள் மனிதராக இருக்கும்போது வருகிறது. “கிராமத்தில் ஒரு பிரிவினர் புறக்கணிப்பு” என்று ஒரு தலைப்பைப் பாருங்கள். அவர்கள் புறக்கணித்தார்களா, அவர்களைப் புறக்கணித்தார்களா? தமிழில் வேற்றுமை உருபை விழுங்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்படி வருகிற செய்தியில் நான் ‘புறக்கணிப்பு’ என்ற சொல்லைத் தொடுவதில்லை. “திருவிழா வரி தராத பத்துக் குடும்பங்களுக்குக் கடைகளில் சாமான் தர மறுப்பு” என்று எழுதுகிறேன். தலைப்பு நீளமாகிவிட்டது, வெட்டு என்று பக்கம் போடுகிறவர் சொல்வார். வெட்ட வேண்டி வந்தால் திருவிழா வரியை வெட்டி உள்ளே கொண்டுபோகலாம். யாருக்கு மறுத்தார்கள், எதை மறுத்தார்கள் என்ற இரண்டையும் வெட்ட விடுவதில்லை.